பள்ளி லேபுக்கு எது: நேரடி டெபியனா, அதை மாற்றி அமைத்த பதிப்பா?

கணினி_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி எடுக்கிறேன். லேபில் இருபது டெஸ்க்டாப்கள், எல்லாமே நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது, எங்கள் மெஷின்களில் முறைப்படி ஏறாது. புதிதாக வாங்க நிர்வாகத்திடம் பணம் இல்லை. அதனால் லினக்ஸ் என்று முடிவாகிவிட்டது.

எந்த லினக்ஸ் என்பதில்தான் குழப்பம். எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து தந்தார். டெபியன் என்ற லினக்ஸ் வகையை எடுத்து யாரோ ஒருவர் மாற்றி அமைத்த பதிப்பாம். பார்க்க அச்சு அசல் விண்டோஸ் 10 மாதிரியே இருக்கிறது. தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, ஆபிஸ், வீடியோ பிளேயர், பைத்தான் எல்லாம் உள்ளேயே வருகிறது. ஏற்றினால் மறுநாளே வகுப்பு எடுக்கலாம். இன்னொரு நண்பர், அதெல்லாம் வேண்டாம், நேராக டெபியனையே போடுங்கள் என்கிறார். அதில் ஒன்றுமே இருக்காது, எல்லாவற்றையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். லேபுக்கென்று டெக்னீஷியன் கிடையாது, நான் மட்டும்தான்.

பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டுக்குப் பைத்தானும் எஸ்க்யூஎல்லும். கணினிப் பயன்பாடுகள் எடுத்த பிள்ளைகளுக்கு ஓப்பன் ஆபிஸ், பிஎச்பி, பேஜ்மேக்கர். எதைப் போடுவது நல்லது?

துறைமுக_சர்வர்

டீச்சர், நேரடி டெபியனையே போடுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் சில கிளியரிங் ஏஜென்சி அலுவலகங்களுக்குக் கணினியும் சர்வரும் பார்த்துக்கொள்கிறேன். சரக்கு இறங்கியிருக்கும் நேரத்தில் மெஷின் படுத்துவிட்டால் அலுவலகத்துக்கு நாள் கணக்கில் வாடகை ஏறும். அதனால் ஒரு மெஷினில் எதை ஏற்றலாம் என்று யோசிக்கும்போது, மூன்று வருஷம் கழித்து இதற்கு யார் பொறுப்பு என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தப் பென்டிரைவைப் பற்றியும் அதையே கேட்கிறேன். நாளைக்கு கெர்னல் என்ற மையப் பகுதியிலோ பிரவுசரிலோ பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தால், அதை அடைத்து உங்கள் இருபது மெஷினுக்கும் அனுப்பப் போகிறவர் யார்?

டெபியனுக்கு இதற்குப் பதில் இருக்கிறது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம். அவர் 1996இலேயே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார், 2015இல் காலமாகிவிட்டார். ஆனாலும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனிக்கும் அது சொந்தமில்லை. ஆயிரம் பேர் அளவில் இருக்கும் டெவலப்பர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதுகாப்புக்குத் தனிக் குழு உண்டு. இப்போதைய 13ஆம் பதிப்பு, ட்ரிக்சி, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. மூன்று வருஷம் முழு ஆதரவு, அப்புறம் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுக் குழு இரண்டு வருஷம் பார்த்துக்கொள்ளும். ஆக 2030 வரை இந்த லேபைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பென்டிரைவில் இருப்பதற்கு இப்படி ஒரு பதிலை நீங்கள் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒருவர் இருப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம், கெட்டிக்காரராகவும் இருக்கலாம். அவருக்கு வேலை மாறினால், கல்யாணம் ஆனால், ஆர்வம் குறைந்தால் உங்கள் லேபுக்கு என்ன ஆகும்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை, நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் எனக்கு முன்னால் இருந்தவர், டெபியன் மேல் கட்டிய ஒரு பதிப்பை எல்லா மெஷினிலும் ஏற்றியிருந்தார். பெயர் சொல்ல வேண்டாம். அந்தப் பதிப்பை உருவாக்கியவர் சில லைப்ரரிகளைத் தன் விருப்பத்துக்கு மாற்றி, டெபியனில் இருப்பதைவிடப் பெரிய வெர்ஷன் எண் கொடுத்துத் தன் ரெப்போவில், அதாவது மென்பொருள் இறங்கும் கிடங்கில், வைத்திருந்தார். கொஞ்ச காலத்தில் அந்த ரெப்போவே இல்லாமல் போயிற்று. அப்டேட் கொடுத்தால் பிழைச் செய்தி வருகிறதே என்று அலுவலகத்தில் யாரோ அந்த ரெப்போவின் முகவரி இருந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் மெஷின் அமைதியாகிவிட்டது, எல்லாம் புதிதாகவே இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் டெபியன் ஓட்டையை அடைத்து அனுப்பிய பேக்கேஜின் (மென்பொருள் பொட்டலத்தின்) எண், மெஷினில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மாற்றிய பேக்கேஜின் எண்ணைவிடச் சிறியது. மென்பொருளை ஏற்றிப் புதுப்பிக்கும் கருவியான ஆப்ட், தனி விதி எதுவும் வைக்காவிட்டால் பார்ப்பது எண்ணைத்தான். கையில் இருப்பதே புதியது என்று எடுத்துக்கொண்டு, வந்த திருத்தத்தை அது தொடவே இல்லை. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ‘ஆப்ட் பாலிசி’ கொடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று பார்த்த பிறகுதான் இது தெரிந்தது. அப்டேட் வராத மெஷினையாவது சந்தேகப்படலாம். அப்டேட் ஆகிவிட்டது என்று சொல்லும் மெஷினை யார் சந்தேகப்படுவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். க்ரஞ்ச்பேங் என்று ஒரு பதிப்பு இருந்தது. டெபியன் மேல் ஓப்பன்பாக்ஸ் என்ற இலகுவான சன்னல் மேலாளரை வைத்துக் கட்டியது, பழைய மெஷின்களில் பறக்கும், அதற்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. அதை உருவாக்கிய பிலிப் நியூபரோ 2015 பிப்ரவரியில் அதை நிறுத்துவதாக அறிவித்தார். தான் தொடங்கிய காலத்தில் அதற்குத் தேவை இருந்தது, இப்போது நேரடி டெபியனே அந்த இடத்தை நிரப்பிவிட்டது, பயனர்கள் அதற்குப் போவதே நல்லது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தன் கையால் கட்டியதைப் பற்றி இப்படிச் சொல்ல நேர்மை வேண்டும். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

சரி, ‘ஒன்றுமே இருக்காது’ என்ற பயத்துக்கு வருகிறேன். அது பழைய கதை. முன்பெல்லாம் வைஃபை கார்டு இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் டெபியன் இன்ஸ்டாலரில் இருக்காது, தனியாகத் தேடி எடுக்க வேண்டும். பலர் டெபியனிலிருந்து வந்த உபுண்டுவுக்கும் மற்றவற்றுக்கும் ஓடியது அதனால்தான். 2022இல் டெவலப்பர்கள் வாக்கெடுப்பு நடத்தி, 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். 13இல் 69,830க்கு மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. உங்கள் பென்டிரைவில் இருக்கும் மென்பொருளில் அனேகமாக எல்லாமே இந்தக் கடலிலிருந்து மொண்டதுதான். அவர் சேர்த்தது தீம், வால்பேப்பர், சில அமைப்புகள், ஒரு பேக்கேஜ் பட்டியல். அந்தப் பட்டியலை நீங்களே ஒரு தாளில் எழுதிவிடலாம்.

உங்கள் பாடத்துக்குத் தேவையானது: ஜி++, கீனி எடிட்டர், பைத்தானின் ஐடில், மரியாடிபி, அப்பாச்சி, பிஎச்பி, லிப்ரே ஆபிஸ், விஎல்சி. இவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல் என்ற பெயரில் டெபியன் 13இல் சர்வர் கிடைக்காது, மரியாடிபிதான் இருக்கும். புத்தகத்தில் வரும் எஸ்க்யூஎல் கட்டளைகளுக்கு அது போதும். ஓப்பன் ஆபிஸும் இல்லை. லிப்ரே ஆபிஸ் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான், மெனுக்களில் சில இடம் மாறியிருக்கும், பிள்ளைகள் அரை வகுப்பில் பழகிக்கொள்வார்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது டெஸ்க்டாப்பாக எக்ஸ்எஃப்சிஇ தேர்ந்தெடுங்கள், 4 ஜிபிக்கு அது சுகமாக ஓடும். ரூட் என்ற தலைமைப் பயனரின் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அப்படி விட்டால்தான் நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கு சுடோ என்ற நிர்வாக அதிகாரம் தானாகக் கிடைக்கும். அங்கே பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டு, பிறகு சுடோ வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் நிறைய. ஒரு மெஷினில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு, மற்ற பத்தொன்பதையும் அதன் வழியாக அப்டேட் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேக்கேஜும் இணையத்திலிருந்து ஒருமுறை மட்டும் இறங்கும், பள்ளி பிராட்பேண்ட் தாங்கும். அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் போட்டுவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே ஏறிவிடும்.

மின்ட்_வீட்டுக்காரர்

துறைமுகம் அண்ணன் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன், பாதிக்கு இல்லை. மாற்றி அமைத்தது எல்லாமே தனி ஆள் வேலை இல்லை. லினக்ஸ் மின்ட் 2006இலிருந்து இருக்கிறது. பெரிய குழு, ஒழுங்கான வெளியீடு. என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன், யாரும் ஒருநாளும் கூப்பிட்டுக் குறை சொன்னதில்லை. விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு சின்னமன் டெஸ்க்டாப் மாதிரி இதமானது வேறு இல்லை. உபுண்டுவில் ஃபயர்பாக்ஸைக்கூட ஸ்னாப் என்ற உபுண்டுவின் தனிப் பொட்டல வடிவுக்கு மாற்றிவிட்டார்கள். மின்ட் 2020இலேயே ஸ்னாப் வேண்டாம் என்று தைரியமாக முடிவெடுத்தது. மாற்றி அமைப்பது பயனருக்கு நல்லது செய்த இடம் இது. டீச்சர், மின்ட்டையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

துறைமுக_சர்வர்

தம்பி, மின்ட் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதைப் பென்டிரைவ் பதிப்போடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். வீட்டுக்கு யாராவது கேட்டால் மின்ட் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்.

ஆனால் வரிசையைக் கொஞ்சம் பார். டெபியனிலிருந்து உபுண்டு, உபுண்டுவிலிருந்து மின்ட். மேலே ஒருவர் எடுக்கும் முடிவுக்குக் கீழே இருப்பவர் ஓயாமல் மறு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நீ சொன்ன ஸ்னாப் கதையே அதற்குச் சாட்சி. உபுண்டு ஒன்றைச் சேர்த்தது, மின்ட் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. டெபியனில் அந்தப் பிரச்சினையே எழவில்லை, ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் சாதாரண பேக்கேஜாக இருக்கிறது. மின்ட் குழுவுக்கே இது தெரியும். உபுண்டு இல்லாமல் போனால் என்ன செய்வது என்று யோசித்துத்தான் டெபியன் மேல் நேரடியாகக் கட்டிய எல்எம்டிஇ என்ற மின்ட் பதிப்பைப் பராமரித்து வருகிறார்கள். சின்னமன்தான் வேண்டும் என்றால் அதுவும் டெபியனிலேயே இருக்கிறது. இன்ஸ்டாலரில் எக்ஸ்எஃப்சிஇக்குப் பதிலாக அதை டிக் செய்தால் வந்துவிடும். மெஷினைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்டும் உண்டு.

இன்னொரு விஷயம். 2016 பிப்ரவரியில் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்து, 17.3 சின்னமன் ஐஎஸ்ஓவுக்குப் பதிலாகப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். குழு உடனே தளத்தை மூடி, மறைக்காமல் அறிவித்தது, அது பாராட்ட வேண்டியது. டீச்சருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. எதை இறக்கினாலும் அதன் செக்சம்மை, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் சோதனை எண்ணைச் சரிபாருங்கள், அந்த செக்சம் கோப்பின் கையொப்பத்தையும் பாருங்கள். டெபியன் இரண்டையும் ஐஎஸ்ஓ பக்கத்திலேயே வைத்திருக்கிறது. கையிலிருந்து கைக்கு மாறி வந்த பென்டிரைவை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பீர்கள்?

எழுத்துரு_அக்கா

தமிழ் வசதிக்காக மட்டும் மாற்றிய பதிப்பை எடுக்க வேண்டிய காலம் போய்விட்டது டீச்சர். டெபியன் இன்ஸ்டாலரையே தமிழில் ஓட்டலாம். பிறகு ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல் (fonts-taml) தொகுப்பும் நோட்டோவும் போட்டால் திரையில் கட்டம் கட்டமாக வராது. தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் போதும். தமிழ்99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட், பழைய டைப்ரைட்டர், இலங்கைக்காரர்கள் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை வரை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஐபஸ் அமைப்பில் ஒருமுறை சேர்த்துவிட்டால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரே விசையில் மாறலாம்.

பென்டிரைவ் பதிப்பில் நான் கவனிக்கச் சொல்வது எழுத்துருக்களை. இப்படிச் சுற்றும் சில பதிப்புகளில் விலைக்கு விற்கும் எழுத்துருக்களை அப்படியே காப்பி அடித்து வைத்திருப்பார்கள். வீட்டில் ஒருவர் வைத்துக்கொள்வது வேறு, பள்ளி இருபது மெஷினில் ஏற்றி, பிள்ளைகளுக்கும் காப்பி போட்டுக் கொடுப்பது வேறு. டெபியன் 1997இல் வகுத்த சமூக ஒப்பந்தமும் அதோடு வந்த கட்டற்ற மென்பொருள் நெறிகளும் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய நிம்மதி. முதன்மைப் பிரிவில் இருக்கும் எதையும் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், தங்கை தம்பிக்குக் கொடுக்கலாம், பிரித்துப் பார்த்துப் படிக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அலுவலகத்திலிருந்து வானவில், பாமினி எழுத்துருவில் பழைய கோப்புகள் வந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வேலை எந்த லினக்ஸ் போட்டாலும் இருக்கும்.

சந்தேகி

எல்லோரும் டெபியனைத் தூய பால் மாதிரி பேசுகிறீர்கள். டெபியனும் மாற்றத்தானே செய்கிறது? 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் டெபியன் செய்த மாற்றம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு எச்சரிக்கைச் செய்தியை நிறுத்துவதற்காகக் கோடில் கை வைத்தார்கள். அதனால் சாவிகளை உருவாக்கும்போது கிடைக்க வேண்டிய தற்செயல் தன்மையே போய், ஒவ்வொரு வகையிலும் அதிகபட்சம் 32,768 சாவிகள்தான் வரும் என்ற நிலை. 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் உலகம் முழுக்க சர்வர்கள் அப்படியே ஓடின.

துறைமுக_சர்வர்

நல்ல கேள்வி. அது நடந்தது உண்மை, டெபியன் வரலாற்றிலேயே மிக மோசமான பாதுகாப்புப் பிழைகளில் ஒன்று.

நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வதைச் சொல்கிறேன். இவ்வளவு பேர் பார்க்கும் இடத்திலேயே, நல்லெண்ணத்தோடு செய்த ஒரு சின்ன மாற்றம் இரண்டு வருஷம் கண்ணில் படாமல் இருந்தது. அப்படியென்றால் ஒரே ஒருவர் பார்க்கும் இடத்தில் செய்த மாற்றம் எத்தனை வருஷம் கிடக்கும்? அப்புறம், அந்தப் பிழை டெபியனோடு நிற்கவில்லை. உபுண்டுவும் டெபியனிலிருந்து வந்த மற்றவையும் அதைச் சேர்த்தே வாங்கிக்கொண்டன. மாற்றிய பதிப்பு அடித்தளத்தின் பிழைகளிலிருந்து உங்களைக் காப்பாற்றாது, தன் பிழைகளையும் அதன் மேல் சேர்க்கும். மாற்றங்களின் எண்ணிக்கை குறையக் குறைய நல்லது என்பதுதான் என் கட்சி.

2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் நினைவிருக்கும். 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு. டெபியனின் சிட் என்ற, இன்னும் நிலைப்படாத பிரிவில் வேலை செய்துகொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர் ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்எச் வழியான தொலை உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். சிட், அடுத்த பதிப்புக்கான டெஸ்டிங் வரைக்கும் அது வந்திருந்தது. அப்போதைய ஸ்டேபிள் பதிப்பான 12ஐ அது தொடவில்லை. ‘டெபியன் பழசு’ என்று குறை சொல்வார்கள். அந்தப் பழசுதான் அன்றைக்கு என் சர்வர்களைக் காப்பாற்றியது. ‘டெபியன் மாதிரியே, ஆனால் எல்லாம் புத்தம் புதுசு’ என்று சொல்லி டெஸ்டிங் அல்லது சிட் மேல் கட்டும் பதிப்புகள் இருக்கின்றன. பள்ளி லேபுக்கு அவற்றை நினைத்தே பார்க்க வேண்டாம்.

கணினி_டீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. டெபியன் என்றே முடிவு செய்துவிட்டேன். இரண்டு விஷயம் பாக்கி. பேஜ்மேக்கருக்கு என்ன செய்வது? அப்புறம், அந்தப் பையன் ஆசையாகக் கொண்டுவந்து தந்தான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று சங்கடமாக இருக்கிறது.

துறைமுக_சர்வர்

பேஜ்மேக்கருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு, அதன்பின் அடோபி அதைக் கைவிட்டுவிட்டது. ஆனாலும் பாடத்தில் இருக்கிறது, பிள்ளைகள் தேர்வெழுத வேண்டும். இரண்டு மெஷினில் இப்போதுள்ள விண்டோஸை அப்படியே விட்டுவிடுங்கள், நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பாடத்துக்கு மட்டும் பிள்ளைகள் முறை வைத்து உட்காரட்டும். மற்ற பதினெட்டிலும் ஸ்க்ரைபஸ் போடுங்கள். பக்க வடிவமைப்பில் உண்மையாகவே ஆர்வம் வரும் பிள்ளை அதில் வளரும்.

பையனை விட்டுவிடாதீர்கள், அவன்தான் உங்களுக்குக் கிடைத்த டெக்னீஷியன். அந்தப் பென்டிரைவை ஒரு மெஷினில் லைவாக ஓடவிட்டு, டெர்மினலில் ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ கொடுக்கச் சொல்லுங்கள். நீளமான பட்டியல் வரும். லேபுக்குத் தேவையானவற்றை இருவரும் உட்கார்ந்து பொறுக்கி எடுங்கள். டெபியன் ரெப்போவில் இல்லாத பெயர் ஏதாவது இருந்தால் தனியாகக் குறித்து வையுங்கள், அது எங்கிருந்து வந்தது என்று அவனே தேடட்டும். மீதிப் பட்டியலை ஒரு ப்ரீசீட் கோப்பில் எழுதிவிட்டால், பதினெட்டு மெஷினும் கேள்வி கேட்காமல் தானாக இன்ஸ்டால் ஆகும். ப்ரீசீட் எழுதுவதில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் அவனையே இங்கே வந்து கேட்கச் சொல்லுங்கள், வரி வரியாக உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.